கேள்வி – பதில்: 16 கேரட் காட்டும் பழங்காசு போலியா?

கேள்வி: காலமான என் தாத்தா அடகுக்கடை நடத்தி வந்தார். அவருடைய பெட்டியில் ஒரு தங்கக் காசு கிடைத்தது. மெல்லியதாக, கிண்ணம் போல் குழிந்திருக்கிறது. எடை 4.38 கிராம், குறுக்களவு 28 மில்லிமீட்டர். ஒரு பக்கத்தில் தாடி வைத்த ஒருவர் கையில் புத்தகத்துடன் இருக்கிறார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் சிலுவையும் தெரிகின்றன. மறுபக்கத்தில் முடி சூடிய அரசர், ஒரு கையில் கொடிக்கோலும் மறு கையில் சிலுவை வைத்த உருண்டையும் ஏந்தியிருக்கிறார். தருமபுரியில் ஒரு நகைக்கடையில் கேரட் மீட்டரில் வைத்தபோது 16 கேரட் காட்டியது. “பழங்காசு என்றால் சொக்கத் தங்கமாக இருக்க வேண்டும், இது போலி, உருக்கிவிடலாம்” என்று சொல்லிவிட்டார்கள். அது சரியா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தயவுசெய்து உருக்கிவிடாதீர்கள். கடையில் எந்தக் காரணத்தைச் சொல்லிப் போலி என்றார்களோ, அதே காரணம்தான் இந்தக் காசை மேலும் ஆராயத் தூண்டுகிறது.

நீங்கள் தரும் வர்ணனை, கான்ஸ்டான்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசின் ‘ஹிஸ்டமெனான்’ என்னும் பொற்காசுக்கு, குறிப்பாக 1071 முதல் 1078 வரை ஆண்ட ஏழாம் மைக்கேலின் காசுக்கு, மிகவும் பொருந்துகிறது. புத்தகம் ஏந்தியிருப்பவர் இயேசு கிறிஸ்து. அவர் தலைக்கு இருபுறமும் ஆங்கில ஐ-சி, எக்ஸ்-சி போன்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசரைச் சுற்றி ஓடும் வரியில் எம், ஐ, எக்ஸ், ஏ, எச் போன்ற வடிவங்களும், அவற்றை அடுத்துத் தலைகீழான வி போன்ற ஒன்றும் வரிசையாகத் தெரிந்தால், அது கிரேக்க எழுத்தில் மைக்கேலின் பெயர்.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாமன்னர் கான்ஸ்டன்டைன், ஒரு ரோமானியப் பவுண்டு தங்கத்துக்கு 72 காசு என்ற கணக்கில் வெளியிட்ட ‘சாலிடஸ்’ காசின் வழிவந்ததுதான் இது. ஏறத்தாழ 4.5 கிராம் எடையும் 24 கேரட்டை ஒட்டிய மாற்றும் (தங்கத்தின் தூய்மை) பல நூற்றாண்டுகள் காப்பாற்றப்பட்டன. பதினோராம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. எடையைக் குறைக்காமல் வெள்ளியைக் கலந்து கலந்து, ஒன்பதாம் கான்ஸ்டன்டைன் காலத்தின் இறுதியில் 18 கேரட் அளவுக்கும், ஏழாம் மைக்கேல் காலத்தில் 16 கேரட்டை ஒட்டியும் இறக்கினார்கள். அடுத்து வந்த மூன்றாம் நிகெஃபொரஸ் ஆட்சியில் அது இன்னும் வேகமாகச் சரிந்தது. 1092இல் முதலாம் அலெக்சியஸ், சுமார் இருபதரை கேரட் மாற்றுள்ள ‘ஹைபர்பைரான்’ என்ற புதிய காசை வெளியிட்ட பிறகே நிலை சீரானது. ஆகவே, மைக்கேல் பெயரில் வரும் காசு 24 கேரட் காட்டினால்தான் நான் சந்தேகப்படுவேன்.

ஆனால் மாற்று பொருந்துவதாலேயே காசு அசல் ஆகிவிடாது. சரியான மாற்றில் தங்கத்தை உருக்கிப் போலி அடிப்பவர்களும் உண்டு. எனவே, மீட்டர் தங்கத்தோடு வேறு என்னென்ன உலோகங்களைக் காட்டுகிறது என்று கேட்டு வாங்குங்கள். மீதியில் பெரும்பகுதி வெள்ளியாகவும் சிறிதளவு செம்பாகவும் இருக்க வேண்டும். காட்மியம் தென்பட்டால் அது நம் ஊர் கேடிஎம் நகைத் தங்கம். 1817இல்தான் காட்மியம் என்ற உலோகமே கண்டுபிடிக்கப்பட்டது. காசில் வளையம் பற்றவைத்த தடம் இருந்தால், அந்த இடத்தை விட்டு விலகிச் சோதிக்கச் சொல்லுங்கள். பற்றுப்பொடியின் காட்மியம் நல்ல காசையும் போலியாகக் காட்டிவிடும். மில்லிகிராம் தராசில் காசை நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி எடைபோட்டால், வெள்ளி கலந்த 16 கேரட் காசு ஏறத்தாழ 0.29 கிராமும், செம்பு மட்டும் கலந்ததாயின் 0.31 கிராமும் எடை குறைந்து காட்டும். சிறிய வேறுபாடுதான் என்றாலும் பொறுமையாகச் செய்தால் புலப்படும்.

அடுத்தது, காசு எப்படி உருவானது என்பது. கிறிஸ்து உருவம் புடைத்த பக்கத்திலும் அரசர் உருவம் குழிந்த பக்கத்திலும் இருக்க வேண்டும். இவ்வகைக் காசுகளைச் சுத்தியலால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை, அச்சைச் சாய்த்துச் சாய்த்து அடித்ததால், எழுத்துகள் சில இடங்களில் இரட்டை விளிம்புடன் தெரிவதும், ஒரு பக்கம் மங்கியிருப்பதும் இயல்பு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்க்கையில் பரப்பில் ஊசிமுனைக் குழிகளும், எழுத்தின் அடி மழுங்கியும், விளிம்பைச் சுற்றி அரம் போட்ட கோடும் இருந்தால் அது வார்ப்பு. வாஷிங்டனில் உள்ள டம்பர்டன் ஓக்ஸ் தொகுப்பின் படங்களோடு ஒப்பிடுங்கள். கையால் அடித்த இரு காசுகள் விளிம்பு வெடிப்பு வரை ஒத்திருக்க வாய்ப்பில்லை. அப்படி ஒத்திருந்தால் ஒன்று மற்றொன்றின் நகல், அல்லது இரண்டுமே நகல்.

கேள்வி: இத்தகைய காசு நம் பகுதியில் புதையலாகக் கிடைத்திருக்க வாய்ப்புண்டா?

பதில்: வாய்ப்பு குறைவு. கர்நாடகத்தின் அக்கி ஆலூர் போன்ற இடங்களில் கிடைத்த பைசாந்தியப் பொற்காசுகள் ஐந்து, ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பலவற்றில், கழுத்தில் கோத்து அணிவதற்காக, அரசரின் தலைக்கு மேல் இரண்டு துளைகள் இட்டிருப்பார்கள். பதினோராம் நூற்றாண்டின் குழிந்த காசு அந்த வரிசையில் வருவதில்லை. யாரோ சேகரித்து வைத்திருந்தது அடகுக்கு வந்திருக்கலாம் என்றே நினைக்கிறேன். தாத்தாவின் அடகுப் பேரேட்டில் அதற்கான பதிவு இருந்தால் அந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள். நிலத்தில் கிடைத்தது என்று தெரிய வந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கேள்வி: கழுவி மெருகேற்றலாமா? உரைத்துப் பார்க்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். புளியும் பூந்திக்கொட்டையும் படாமல், விளிம்பைப் பிடித்து மட்டும் கையாளுங்கள். உரைகல்லில் தேய்த்த இடம் மீளாது. முதலில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் காட்டி, அங்கிருந்து சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவை அணுகுவதே நல்லது. அசல் என்று உறுதியானால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதை வெளிநாட்டுக்கு அனுப்ப உங்களுக்கு அனுமதி கிடையாது. இணையத்தில் அயல்நாட்டினர் விலை கேட்டால் மறுத்துவிடுங்கள்.