மொட்டை மலையும் பச்சைக் கரையும்

கேள்வி: பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும்போது, மாசியில் மலையே மொட்டையாக நிற்கிறது, ஆற்றங்கரை மட்டும் பச்சை. மலை மரங்கள் பட்டுப்போனவையா?

பதில்: இல்லைங்க அம்மா. கிளையை நகத்தால் கீறிப் பாருங்க, உள்ளே பச்சை தெரியும். இலை வழியாகத்தான் நீர் ஆவியாகிறது. அதனால் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கின்றன. நீங்க தலைக்குத் தேய்க்கிற அரப்பு, உசிலை மர இலைதானே? அதன் சிற்றிலை அரிசியைவிடப் பொடிசு, வெயிலில் அதிகம் சூடேறாது. சதுரக்கள்ளி இன்னும் கெட்டி! இலையே வேண்டாமென்று பச்சைத் தண்டிலேயே உணவைச் சமைக்கிறது, மூச்சுத்துளையை இரவில்தான் திறக்கிறது. கரையிலுள்ள நீர்மருதுக்கு அந்தக் கவலையில்லை, வேர் காவிரியில். அந்தத் தொடர்நிழலில்தான் சாம்பல் நிற அணில் கிளைவிட்டுக் கிளை தாவும். அடுத்தமுறை ஜன்னலோரம் உட்காருங்க.