கோட்டைக்குள் கல்லறைக் கற்கள் – கடிதம்

ஐயா, வணக்கம்.

போன வாரம் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குப் போயிருந்தேன். வெளியே தரையெல்லாம் கல்லறைக் கற்கள். மிதித்து நடக்கவே கூச்சமாக இருந்தது. ஒரு கல்லில் 1652 என்று இருக்கிறது. தேவாலயம் திறந்ததோ 1680-ல். அதற்கு முன்பே அங்கே இடுகாடு இருந்ததா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கூச்சப்பட வேண்டாம். தேவாலயத்துக்கு உள்ளே அடக்கமானவர்கள் உண்டு, தாமஸ் மன்றோ மாதிரி. வெளியே நீங்கள் மிதித்த அந்தப் பழைய கற்களுக்கு அடியில் ஆள் இல்லை. சென்னையில் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு கோட்டைக்கு வெளியே, கொய்யாத் தோட்டம் என்ற இடத்தில் இருந்தது. பின்னாளில் அங்கேதான் சட்டக் கல்லூரி வந்தது. 1652 என்று நீங்கள் பார்த்தது ஆரன் பேக்கர் என்ற அதிகாரியின் மனைவி எலிசபெத்தின் கல்.

கல்லறை என்றால் அன்று வெறும் பலகைக் கல் இல்லை. வசதியுள்ளவர்கள் மண்டபமும் கூர்கோபுரமுமாக எழுப்பினார்கள். அதுவே வினையானது. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அவற்றின் மறைவில் பதுங்கிக்கொண்டது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இன்னொரு முறை எதிரிக்கு அந்த வசதி கிடைக்கக் கூடாதென்று, தங்கள் ஆட்களின் கல்லறைகளை ஆங்கிலேயர் தாங்களே இடித்துத் தள்ளினார்கள். பெயர் வெட்டிய கற்கள் மட்டும் கோட்டைக்குள் வந்தன. எலும்புகள் அங்கேயே. வந்த கற்களையும் சும்மா விடவில்லை. ஹைதர் அலியோடு போர் நடந்த காலத்தில், 1782-ல், பெயர்த்துக் கொண்டுபோய்ப் பீரங்கிகளுக்கு அடியில் போட்டார்கள். அப்புறம்தான் திரும்பப் பதித்தார்கள்.

இடிக்காமல் விட்டவை இரண்டே. ஒன்று பவுனி குடும்பத்துடையது. மற்றது 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸின் கூர்கோபுரம். அவர் இறந்த அதே ஆண்டில் அவருடைய மனைவி கேத்தரினை எலிஹூ யேல் மணந்துகொண்டார். ஆமாம், அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்தான். திருமணம் நடந்தது நீங்கள் போன அதே தேவாலயத்தில். அங்கே பதிவான முதல் திருமணமே அதுதான். அவர்களுடைய சின்னஞ்சிறு மகன் டேவிட் 1688-ல் இறந்தபோது, அம்மாவின் முதல் கணவரின் கல்லறையிலேயே புதைத்தார்கள். எனக்கு அந்த இடுகாட்டில் மனதில் நிற்பது இந்தக் குழந்தைதான்.

அந்தக் கல்லறை இன்னும் உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. வண்டி நிறுத்த இடம் வேண்டும், இதை அகற்றுங்கள் என்று அண்மையில் அதே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது.