அந்தப் பாட்டிலில் நன்னாரி இல்லை

அன்புள்ள ஐயா,

எனக்குக் குடியாத்தம். பெங்களூரில் ஐ.டி. வேலை. பிறந்தநாளுக்கு நண்பன் கோவாவில் வடித்த கிராஃப்ட் ஜின் ஒன்று வாங்கித் தந்தான். பெட்டியில் பைன், ஆரஞ்சுத் தோல், மண்வாசனை என்றெல்லாம் போட்டிருந்தது. எனக்கோ பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன் நெடிதான் வந்தது. அதனால் ஊரிலிருந்து எடுத்துப்போன நன்னாரி சர்பத்தை ஊற்றி, டானிக் வாட்டர், எலுமிச்சை, நிறைய ஐஸ் சேர்த்துக் கலந்தேன். மாணிக்கம் மாதிரி சிவப்பு! எல்லாரும் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். என் சந்தேகம்: இதற்கு டானிக் சரியா, சோடா சரியா? இது நம் நாக்குக்கு அந்நியமான சரக்கு என்கிறார் அப்பா. உண்மையா?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் காய் இல்லாமல் ஜின் கிடையாது. அந்தக் காயில் தூக்கலாக இருப்பது பைனீன் என்ற மணப்பொருள். பைன் பிசினிலிருந்து எடுக்கும் டர்பன்டைனிலும் அதேதான். இவ்வளவு நல்ல மூக்கை வைத்துக்கொண்டு அடுத்த நிமிடமே அதன் தலையில் சர்பத்தைக் கொட்டிவிட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாய் குறுகிய கண்ணாடி டம்ளரில் 30 மில்லி ஜின் விட்டு, அதே அளவு சாதாரணத் தண்ணீர் சேருங்கள். ஐஸ் கூடாது, குளிரில் வாசனை எழும்பாது. நம் நாட்டு ஜின்னில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால், அது பாதியானதும் சாராய நெடி அடங்கி மற்றதெல்லாம் மேலே வரும். பக்கத்தில் கொஞ்சம் தனியாவை நசுக்கி வைத்துக்கொண்டு இரண்டையும் மாறிமாறி முகருங்கள். ஜூனிப்பருக்கு அடுத்தபடி ஏறக்குறைய எல்லா ஜின்னிலும் போடுவது தனியாதான். பூவும் எலுமிச்சைத் தோலும் கலந்தாற்போல ஒரு மணம் வருகிறதே, அது தனியாவில் இருக்கும் லினலூல் என்ற மணப்பொருள்.

அந்நியம் என்ற பேச்சை இத்தோடு விடலாம். வெல்லத்தோடு வெல்வேலம் பட்டையை ஊறவைத்துப் பட்டைச் சாராயம் வடித்த மலையடிவாரம் நம்முடையது. 1939-ல் வட ஆற்காட்டுக்கு மதுவிலக்கு வந்தபிறகு அது ஒளிந்து செய்யும் காரியமாயிற்று. இன்று கள்ளச்சாராயம் என்றால் உயிருக்கே ஆபத்து, அதன் பக்கம் போகவே கூடாது. ஆனால் பட்டையையும் வேரையும் சாராயத்தில் சேர்ப்பது நமக்கு யாரும் வந்து சொல்லித்தர வேண்டிய வித்தை அல்ல.

இப்போது அந்த சர்பத்துக்கு வருகிறேன். கடிதம் வந்தபோது நானும் நன்னாரியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான் இந்தப் பதில். தம்பி, நன்னாரி வேர் ஊறிய தண்ணீர் பழுப்பாகத்தான் இருக்கும். மாணிக்கச் சிவப்பு கலர்ப்பொடியில் வருவது. பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். சர்க்கரை, நிறம், எசன்ஸ். ஒருவர் பார்த்துப் பார்த்து வடித்த ஜின்னில் இதையா ஊற்றுவது?

எங்கள் ஆயா ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில், மலையிலிருந்து இறங்கி வரும் பெண்களிடம் நன்னாரி வாங்குவாள். கட்டிலிருந்து ஒரு வேரை உருவி, நகத்தால் கீறி மூக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவாள். மணமெல்லாம் பட்டையில், நடுநரம்பில் ஒன்றும் கிடையாது. வீட்டில் கல்லால் தட்டி நரம்பை உருவி எறிந்துவிட்டு, பட்டையை நிழலில் உலர்த்துவாள். வெந்நீரில் போட்டு மூடி ராத்திரி முழுக்க விடுவாளே தவிர, அடுப்பில் ஏற்ற மாட்டாள். "கொதிக்க வச்சா வாசன ஆவியோட பூடும்டா" என்பாள். அவள் பறிகொடுக்கப் பயந்த அதே ஆவியைத்தான் ஜின் வடிப்பவர்கள் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள்.

இன்று வேலூர் லாங்கு பஜாரில் நன்னாரி கேட்டால் விரல் தடிமனுக்கு ஒரு கிழங்கை எடுத்துப் போடுகிறார்கள். அது மாகாளிக் கிழங்கு. நன்னாரி வேர் மெலிந்து, முறுக்கி, கருத்திருக்கும். வாசனையை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் மணம் தருவது ஒரே பொருள்தான், வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலினுக்கு நெருங்கிய உறவு. மாகாளி நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் படரும் கொடி. கிழங்குக்காக அடியோடு தோண்டித் தோண்டி, அழியும் நிலையில் உள்ள தாவரங்களில் அதுவும் சேர்ந்துவிட்டது. ஊறுகாய்க்கும் சர்பத்துக்கும் கொடுத்ததே போதும். 2017-ல் ‘கிரேட்டர் தேன்’ (Greater Than) என்ற ஜின் வந்ததிலிருந்து கோவாவில் புதுப்புது ஜின்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றான ஹாபுசாவுக்கு ஜூனிப்பரே இமயமலையிலிருந்துதான் போகிறது. நாளைக்கு நம் மலைக்கும் ஆள் வரும். வரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பயிர்வைத்து எடுத்த வேரை, பயிர்வைத்தவர் கேட்கும் விலை கொடுத்து வாங்கட்டும். காட்டில் மிச்சமிருப்பதைத் தோண்டி ஒரு பாட்டிலுக்குப் பெருமை தேடவேண்டாம். பார்க்கிறவரிடமெல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். 100 மில்லி ஜின்னில் ஒரு தேக்கரண்டி நன்னாரிப் பட்டை, ஒரு ராத்திரி. காலையில் வடிகட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டைக் கசப்பு இறங்கும். அதில் 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 15, கற்கண்டுப் பாகு 10. ஐஸ் போட்டுக் குலுக்கி, சோடா விடுங்கள். டானிக் வேண்டாம், அதில் குயினைன் கசப்போடு சர்க்கரையும் இருக்கிறது.

அடுத்தமுறை குடியாத்தம் வரும்போது பாட்டில் வாங்காதீர்கள். பச்சை நன்னாரி வேர்த்துண்டு கிடைத்தால் வாங்கிப்போய்த் தொட்டியில் நடுங்கள், துளிர்க்கும். தோண்டி எடுக்க இரண்டு வருடமாவது ஆகும், அதுவரை கை வைக்காதீர்கள்.