தாத்தா எங்கே போயிருப்பார்?

வாசகர் கேள்வி – பதில்

எங்கள் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான் ஞானஸ்நானம் எடுத்தவர்கள். தாத்தா கடைசிவரை திருச்செந்தூர் முருகனைத் தவிர யாரையும் கும்பிட்டதில்லை. போன மாதம் தவறிவிட்டார். ஜெபக் கூட்டத்தில் அவருக்காக ஜெபிக்கச் சொன்னேன். "இரட்சிக்கப்படாமல் போனவர்களுக்காக ஜெபித்துப் பிரயோஜனமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் கடவுளிடம் போய்ச் சேருவார்கள் என்று நம்புகிற கிறிஸ்தவர்கள் உலகத்தில் எங்காவது இருக்கிறார்களா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

இருக்கிறார்கள் சகோதரி. ஆயிரத்து எண்ணூறு வருடமாக இருக்கிறார்கள். அதற்கு முன் உங்கள் ஊர்ப்பக்கம் நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இயேசு சபைத் துறவியான புனித சவேரியார் 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாடு, தூத்துக்குடி என்று கரையோரம் முழுக்க நடந்தார். பிறகு 1549-ல் ஜப்பான் போனார். அங்கே இரண்டு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியவர், 1552 ஜனவரியில் கொச்சியில் உட்கார்ந்து ஐரோப்பாவில் இருந்த தன் சபையாருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கேள்வி அப்படியே அதில் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற ஜப்பானியர்கள் அவரிடம் கேட்கிறார்கள்: செத்துப்போன எங்கள் அப்பா அம்மா, பிள்ளைகள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள், தானம் செய்தால், ஜெபம் செய்தால் அவர்களுக்கு ஏதாவது ஆகுமா? சவேரியார் தன் காலத்துப் போதனைப்படி, ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் அழுதார்கள். கடவுள் அவ்வளவு நல்லவர் என்றால் எங்கள் முன்னோருக்கு ஏன் இதைச் சொல்லாமல் விட்டார் என்றும் கேட்டிருக்கிறார்கள். தனக்குப் பிரியமானவர்கள் பரிகாரமே இல்லாத ஒன்றுக்காக அழுவதைப் பார்க்கும்போது தனக்கும் துக்கமாகிவிடுகிறது என்று சவேரியாரே எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். வாய் ஒன்று சொல்கிறது, மனசு வேறொன்று சொல்கிறது.

சரி, இப்போது உங்கள் ஆட்கள். மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஒரிஜென் என்று ஒரு மேதை. பையனாக இருந்தபோது அப்பாவை விசுவாசத்துக்காகக் கொன்றார்கள். தானும் போய்ச் சாகிறேன் என்று கிளம்பியவனை நிறுத்த, அவன் துணிமணிகளை அம்மா ஒளித்து வைத்துவிட்டாராம். (அந்த அம்மாவுக்குத் திருச்சபை ஒரு நன்றி சொல்ல வேண்டும்.) கடவுளிடமிருந்து வந்ததெல்லாம் கடைசியில் கடவுளிடமே திரும்பிச் சேரும், தண்டனைகூட வைத்தியன் கொடுக்கும் கசப்பு மருந்து மாதிரிதான் என்கிற திசையில் யோசித்தவர் அவர். வயதான காலத்தில் ரோமப் பேரரசின் சித்திரவதையை வாங்கிக்கொண்டு, அதனால் உடல் நொடிந்து செத்தார். செத்து முந்நூறு வருடம் கழித்து, 553-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆயர்கள் கூடிய பொதுச் சங்கத்தை ஒட்டி அவர் பெயரில் கண்டனம் வந்தது. உயிர்கள் பிறக்கும் முன்பே இருந்தன என்பது போன்ற கருத்துகளும் அதில் சேர்ந்திருந்தன என்பதால், கண்டிக்கப்பட்டது எது, யார் கண்டித்தது என்று சரித்திரக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட அதே நம்பிக்கையை நான்காம் நூற்றாண்டில் வெளிப்படையாக எழுதிய நீசாவின் கிரகோரியை யாரும் கண்டிக்கவில்லை. இன்றுவரை அவர் புனிதர். அவர் அதை எழுதிய விதமும் உங்களுக்குப் பொருந்தும். அண்ணன் பசிலியார் இறந்த துக்கத்தோடு அக்கா மக்ரீனாவைப் பார்க்கப் போகிறார். போனால் அக்காவே மரணப் படுக்கையில். ஆத்துமா என்ன ஆகும், உயிர்த்தெழுதல் என்றால் என்ன என்று தம்பி அழுதுகொண்டே கேட்க, மூச்சு வாங்க அக்கா பதில் சொல்வதாகத்தான் அந்த நூலே அமைந்திருக்கிறது. இந்தக் கேள்வி புத்தக அறையில் முளைத்தது கிடையாது. எப்போதும் யாரோ ஒருவர் செத்த வீட்டில்தான் முளைத்திருக்கிறது, ஜப்பானிலும், உங்கள் வீட்டிலும்.

"இவர்கள் நித்திய ஆக்கினையை அடையவும்" என்று மத்தேயு 25:46-ல் இயேசுவே சொல்லியிருக்கும்போது, இதெல்லாம் மனிதர் கற்பனைதானே?
– பாளையங்கோட்டை வாசகர்

வலுவான வசனம், மழுப்பப் போவதில்லை. அதே வசனத்தின் அடுத்த பாதியில் "நித்திய ஜீவன்" வருகிறது; ஜீவன் முடிவில்லாதது என்றால் ஆக்கினையும் முடிவில்லாததுதான் என்று ஐந்தாம் நூற்றாண்டில் புனித அகுஸ்தினார் வாதாடினார், மேற்குத் திருச்சபை அவர் பின்னால் போனது. மறுபக்கம் சொல்வது இது: கிரேக்கத்தில் அங்கே இருக்கும் சொல் "ஐயோனியோஸ்". "ஐயோன்" என்றால் யுகம். வரப்போகும் யுகத்துக்குரிய என்றும் அதைப் படிக்கலாம், அந்த யுகம் எவ்வளவு நீளம் என்று அந்தச் சொல் மட்டும் சொல்லிவிடாது. கிரேக்கத்தையே தாய்மொழியாகப் பேசிய கிரகோரி இந்த வசனத்தைப் படிக்காமலா இருந்திருப்பார்?

அப்புறம், ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் இன்னொன்று இடிக்கும். "ஆதாமுக்குள் எல்லாரும் மரிக்கிறதுபோல, கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்" என்று பவுல் எழுதுகிறார். முதல் "எல்லாரும்" என்பதை நாம் அப்படியே எடுத்துக்கொள்கிறோம், சாவில் யாருக்கும் விலக்கு கிடையாது. இரண்டாவது "எல்லாரும்" வரும்போது மட்டும் நமக்கு அகராதி தேவைப்படுகிறது. உங்கள் தரப்புக்கும் அதற்குப் பதில் உண்டு, தெரியும். ஆனால் வேதம் ஒரே பக்கம்தான் பேசுகிறது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அப்படியானால் கொலை செய்தவனும், செத்தவளும் ஒரே பந்தியிலா? நியாயம் எங்கே?
– மதுரை வாசகி

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் தயங்குகிறேன்.

எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்ற அந்தப் பழைய காலத்துப் பெரியவர்கள் நெருப்பை இல்லை என்று சொல்லவில்லை. கிரகோரி ஒரு கயிற்றைக் காட்டுகிறார். களிமண் அப்பி இறுகிப்போன கயிறு. அதன் ஒரு முனையைச் சின்ன ஓட்டைக்குள் நுழைத்து அந்தப் பக்கமிருந்து ஒருவர் பலமாக இழுக்கிறார். கயிறு உள்ளே போகத்தான் போகிறது, ஆனால் ஒட்டியிருந்த மண்ணெல்லாம் ஓட்டையின் விளிம்பில் உரசி உரசி வெளியே உதிர வேண்டும். எவ்வளவு மண்ணோ அவ்வளவு வலி. இழுப்பவர் வதைக்க இழுக்கவில்லை, தன்னிடம் சேர்த்துக்கொள்ள இழுக்கிறார். கொலைகாரனுக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சும்மா விட்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

ஏழாம் நூற்றாண்டில் நினிவேயின் ஈசாக் என்று ஒரு துறவி. இன்றைய கத்தார் பக்கத்துக்காரர், நினிவேக்கு ஆயராகப் போய் ஐந்தே மாதத்தில் வேண்டாம் என்று மலைக்குப் போய்விட்டார். நரகத்தில் இருப்பவர்களைக் கடவுளின் அன்பு கைவிட்டுவிட்டது என்று நினைப்பதே தப்பு, அங்கே அவர்களை அடிக்கும் சாட்டையே அந்த அன்புதான் என்கிறார் அவர். தன்னை நேசித்தவருக்குத் துரோகம் செய்தோமே என்று தெரியவருவதைவிட அதிகமாக எரிப்பது எதுவும் இல்லையாம். அம்மாவிடம் பொய் சொல்லி, அவர் அதை நம்பி முகம் மலர்ந்ததைப் பார்த்த யாருக்கும் இது விளங்கும்.

இத்தனையும் சொன்ன பிறகும், செத்தவளின் அம்மாவிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. மன்னிக்கச் சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது.

எல்லாரும் சொர்க்கம் போவார்கள் என்று அறிவித்துவிட்டால் யார் கோயிலுக்கு வருவார்கள்? கடையை மூட வேண்டியதுதான்!
– சென்னை வாசகர்

கிண்டலாகக் கேட்டாலும் நடந்த கதை. அமெரிக்காவில் டல்சா நகரத்தில் கார்ல்டன் பியர்சன் என்று பெயர்பெற்ற பெந்தெகொஸ்தே போதகர் இருந்தார். ஆயிரக்கணக்கில் கூட்டம். 1990-களில் ஒரு நாள், கைக்குழந்தையான மகளோடு டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார், ருவாண்டா அகதிகளைக் காட்டுகிறார்கள், எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள். இவர்கள் இரட்சிக்கப்படாமல் செத்து நேரே நரகத்துக்குத்தான் போகிறார்கள் என்றா நான் பிரசங்கம் செய்கிறேன் என்று அவருக்கு அங்கேயே உறைத்தது. அதன் பிறகு எல்லாரும் ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள் என்று பிரசங்கிக்க ஆரம்பித்தார். 2004-ல் கறுப்பினப் பெந்தெகொஸ்தே ஆயர்களின் குழு ஒன்று அவரைப் பதிதர், அதாவது தப்பான போதனை செய்பவர், என்று அறிவித்தது. கூட்டம் சில நூறாகக் கரைந்தது, கட்டடம் கடனில் போனது. 2023-ல் இறந்தார், சொன்னதை வாபஸ் வாங்காமலேயே. ஆக, கடை மூடினது உண்மைதான்.

ஆனால் அதே அமெரிக்காவில் இதையே சொல்லிக் கடை திறந்தவரும் உண்டு. 1770-ல் இங்கிலாந்திலிருந்து ஜான் மர்ரே வந்து இறங்கினார். மனைவியையும் குழந்தையையும் பறிகொடுத்து, கடனுக்காகச் சிறையும் பார்த்து, இனி பிரசங்கமே வேண்டாம் என்று கப்பலேறியவர். கப்பல் நியூஜெர்சிக் கரையில் மணல்திட்டில் தட்டி நின்றது. அங்கே தாமஸ் பாட்டர் என்ற எழுதப்படிக்கத் தெரியாத விவசாயி பத்து வருடம் முன்பே ஒரு ஜெபவீடு கட்டி வைத்துக்கொண்டு, நல்ல பிரசங்கியார் வருவார் என்று காத்திருந்தார். மர்ரேயைப் பிடித்துக்கொண்டார். காற்று திரும்பினால் போய்விடுவேன் என்றார் மர்ரே. ஞாயிற்றுக்கிழமைவரை காற்று திரும்பவில்லை! அப்படித் தொடங்கியது வளர்ந்து யூனிவர்சலிஸ்ட் என்று தனிச் சபையே ஆனது; 1961-ல், கடவுள் மூவராக இல்லை, ஒருவரே என்ற யூனிடேரியன் சபையோடு இணைந்தது.

பாஸ்டனில் மர்ரே பேசும்போது ஜன்னல் வழியாக ஒரு பெரிய கல் வந்து விழுந்ததாம். அதைக் கையில் தூக்கிக் காட்டி, இந்த வாதம் கெட்டியாகவும் கனமாகவும் இருக்கிறது, ஆனால் அறிவுக்கும் பொருந்தவில்லை, மனசுக்கும் ஏறவில்லை என்றார்.

போப் என்ன சொல்கிறார்?
– திருச்சி வாசகர்

நரகம் உண்டு என்பது கத்தோலிக்கப் போதனை. அதில் இன்னார் இருக்கிறார் என்று திருச்சபை இதுவரை ஒருவர் பெயரையும் அறிவித்ததில்லை. மறைந்த போப் பிரான்சிஸ் 2024 ஜனவரியில் இத்தாலியத் தொலைக்காட்சியில், இது கோட்பாடு இல்லை, என் சொந்த எண்ணம் என்று சொல்லிவிட்டு, நரகம் காலியாக இருப்பதாக நினைக்கவே தனக்குப் பிடிக்கும் என்றார்.

நழுவாமல் சொல்லுங்கள், நீங்கள் நம்புகிறீர்களா?
– கோவில்பட்டி வாசகர்

உறுதியாகச் சொல்லத் தைரியமில்லை, ஆசைப்படத் தடையும் இல்லை. எங்கள் பக்கம் துக்க வீட்டில் சாயங்காலம் ஜெபமாலை சொல்வோம். பாய் விரித்து, ஒரு பக்கம் கொசு கடிக்க, குழந்தைகள் மடியில் தூங்க. மாலையில் பத்துப் பத்து மணிகளாக உருட்டி முடிக்கும்போதெல்லாம் "எல்லாரையும் விண்ணுலகப் பாதையில் நடத்தியருளும்" என்று வரும். நல்லவர்களை என்றோ, ஞானஸ்நானம் பெற்றவர்களை என்றோ அதில் இல்லை. அடுத்த வரி இன்னும் மோசம், இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் சிறப்பான உதவி கேட்கிறோம். ஒரு மாலைக்கு ஐந்து தடவை. சின்ன வயதிலிருந்து வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, முடிந்ததும் எழுந்து கடுங்காப்பி குடிக்கப் போய்விடுவேன். தூத்துக்குடி சகோதரியின் கடிதம் வந்த வாரம்தான் என்ன கேட்கிறோம் என்று கவனித்துச் சொன்னேன். அவர் தாத்தாவையும் சேர்த்துக்கொண்டேன்.