மரபணு மாற்று உணவு, பூச்சிக்கொல்லி: நன்மை அதிகமா, ஆபத்து அதிகமா?

மரபணு மாற்றிய பயிரைச் சாப்பிடலாமா, வயலில் அடிக்கும் ரசாயனங்களின் பலன் அவற்றின் ஆபத்துக்கு ஈடாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒரே பதில் சொல்ல முடியாது. சில மரபணு மாற்றங்கள் மருந்தடிப்பைக் குறைக்கின்றன, சில கூட்டுகின்றன.

குறைப்பதற்கு உதாரணம் பி.டி. பயிர்கள். மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் சேர்க்கிறார்கள். செடியே ஒரு புரதத்தை உண்டாக்கும். அதைத் தின்னும் புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம். புரதம் அங்கே கரைந்து, குடல் சுவரில் தனக்குப் பொருந்தும் ஏற்பிகளில் ஒட்டி, ஓட்டை போட்டுவிடும். புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சாகும். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்த ஏற்பிகளும் நமக்குக் கிடையாது. அதனால் மற்றப் புரதங்களைப் போல இதுவும் செரித்துவிடுகிறது. இதே பாக்டீரியாவை இயற்கை விவசாயிகளும் பல பத்தாண்டுகளாகத் தெளித்து வருகிறார்கள்.

கூட்டுவதற்கு உதாரணம் களைக்கொல்லியைத் தாங்கும் பயிர்கள். 1996-ல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட சோயா வந்தது. வயல் முழுக்க கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தால் களை மட்டும் கருகும், சோயா நிற்கும். உழவு குறைந்தது, மண் அரிப்பும் குறைந்தது. அது உண்மையான நன்மைதான். ஆனால் வருடா வருடம் அதே மருந்தை அடித்ததில் அதற்குச் சாகாத களைகள் பெருகின. அவற்றை ஒழிக்க டைகாம்பா போன்ற பழைய களைக்கொல்லிகளைத் தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்தார்கள். டைகாம்பா ஆவியாகிப் பக்கத்து வயல் பயிரையும் சுருட்டிவிடும்.

சரி, சாப்பிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமிகள் 2016-ல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டன. விற்பனையில் இருக்கும் மரபணு மாற்று உணவுகள் மற்ற உணவுகளைவிட உடல்நலத்துக்கு அதிகக் கேடு செய்வதாக ஆதாரம் இல்லை என்றது அது. நான் இதை ஏற்கிறேன். அதற்காக எந்த மரபணுவையும் எதிலும் சேர்க்கலாம் என்று ஆகிவிடாது. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கொட்டையின் ஒவ்வாமையும் கூடவே வந்தது. சோதனையிலேயே அது தெரிந்ததால் அந்தச் சோயா சந்தைக்கு வரவில்லை. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

என் உண்மையான கவலை வேறு இடத்தில் இருக்கிறது. தட்டுக்கு வரும் மருந்து எச்சத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், மருந்தைக் கலக்கி அடிப்பவரைப் பற்றி யார் பேசுகிறோம்? காய்கறியில் இருப்பது பெரும்பாலும் மிகச் சிறிய அளவு. அவர் கையில் இருப்பதோ நீர் சேர்க்காத மருந்து. முதுகில் சுமக்கும் தெளிப்பானின் மூடி கசிந்து சட்டை நனைகிறது. அந்த ஈரத்தோடேயே வரப்பு வரப்பாக நடக்கிறார். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் தோல் வழியாகவே உள்ளே போகும். பூச்சியின் நரம்பில் எந்த நொதியை முடக்குகின்றனவோ, அதே நொதி மனிதனுக்கும் இருக்கிறது. வியர்த்துக் கொட்டும், எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், மூச்சு திணறும். வெயிலில் கையுறையும் முகமூடியும் போட்டு வேலை செய்வது நடக்காத காரியம் என்று தெரிந்தே, "பாதுகாப்பாகப் பயன்படுத்தவும்" என்று டப்பாவில் அச்சடித்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. இலங்கை 1990-களில் மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில், பூச்சிக்கொல்லியைக் குடித்து நேரும் தற்கொலைச் சாவுகள் அந்த நாட்டில் பெருமளவு குறைந்தன. விளைச்சல் விழுந்துவிடவில்லை. எல்லா ரசாயனத்தையும் ஒரே நாளில் நிறுத்தத் தேவையில்லை, ஆளைக் கொல்லும் சிலவற்றை எடுத்தாலே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கிளைபோசேட் புற்றுநோய் தருமா என்று கேட்பவர்களுக்கு: 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது" என்ற பிரிவில் சேர்த்தது. மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு பொருளால் புற்றுநோய் வரக் கூடுமா என்பதைத்தான் அந்த முகமை பார்க்கிறது. எந்த அளவில் வரும் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் அதை வருடக்கணக்கில் அடிப்பவர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது, சாப்பிடுபவர் அதே அளவு அஞ்ச வேண்டியதில்லை.

அப்புறம், வீட்டில் என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மேலே ஒட்டியிருப்பது ஓரளவு போய்விடும், செடி உறிஞ்சியது போகாது. ஒரே காயைத் தினமும் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். மருந்துக்குப் பயந்து குழந்தைக்குக் காய்கறியும் பழமும் குறைத்தால் அதுதான் பெரிய நஷ்டம். உங்களுக்கே வயல் இருந்தால், கடைசியாக மருந்தடித்த பிறகு அறுவடைக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்று டப்பாவில் போட்டிருப்பதை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள்.