பரிசுச் சேவலின் வாரிசு: முன்பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: கண்காட்சியில் ஒரு கிளிமூக்கு விசிறிவால் சேவலை (கிளியைப்போல் வளைந்த அலகும் நீண்ட தோகையும் உள்ள வகை) இறக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பண்ணையாளர் ஒருவர், பரிசு வாங்கிய தம் சேவலின் குஞ்சுகள் என்று சொல்லி, மூன்று மாத வயதுள்ள ஒரு ஜோடியை 40,000 ரூபாய்க்குத் தர முன்வந்திருக்கிறார். தந்தைச் சேவல் கோப்பையோடு நிற்கும் படத்தையும் குஞ்சுகளின் காணொளியையும் கைப்பேசிக்கு அனுப்பியுள்ளார். ‘சுத்தமான விருத்தி’ என்று உறுதி கூறுகிறார். முன்பணம் அனுப்பலாமா?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அவர் பொய் சொல்கிறார் என்பதால் அல்ல. விலையை முடிவு செய்யத் தேவையான எதையும் அவர் இன்னும் உங்களுக்குக் காட்டவில்லை என்பதால் சொல்கிறேன்.

படத்தில் இருக்கும் தந்தை, குஞ்சின் பாதிக் கதையைத்தான் சொல்லும். மறு பாதி தாயிடமிருந்து வருகிறது. பெட்டைக்கு அந்த நீண்ட தோகை கிடையாது என்பதால் வாங்குவோர் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் தனக்கு வெளியில் தெரியாத வாலை மகனுக்குக் கொடுப்பதில் அதன் பங்கு சேவலுக்குச் சிறிதும் குறைந்ததன்று. ஆகவே தாய்க்கோழியை நேரில் பாருங்கள். அதன் அலகு வளைந்து இறங்குகிறதா, தலை கனமாக இருக்கிறதா, கழுத்து தடித்திருக்கிறதா என்று பார்ப்பதோடு, அதன் உடன்பிறந்த சேவல்களையோ அதைப் பெற்ற சேவலையோ காட்டச் சொல்லுங்கள். பெட்டையின் வால் தரத்தை அறிய அதன் ஆண் உறவுகளைப் பார்ப்பதைவிட நல்ல வழி வேறு இல்லை.

அடுத்து, அதே அடையில் பொரித்த குஞ்சுகள் அனைத்தையும் பார்க்கக் கேளுங்கள். பத்துக் குஞ்சுகளில் எட்டுக்கு அலகு நேராக இருந்து, உங்களுக்குக் காட்டப்படும் இரண்டு மட்டும் கிளிமூக்காக இருந்தால், நீங்கள் வாங்குவது விதிவிலக்கை. நாளை அவற்றின் குஞ்சுகளில் பெரும்பாலானவை அந்த எட்டைப் போல இருக்கவே வாய்ப்பு அதிகம். நிலைபெற்ற வழியின், அதாவது பரம்பரையின், அடையாளம், கழித்துவிட வேண்டிய குஞ்சும் கூடச் சுமாராக இருப்பதுதான். பரிசு பெற்ற ஒரு சேவலைவிட, பரிசு பெறாத அதன் தம்பிகள் எனக்கு அதிகம் சொல்லும்.

‘இதுதான் தந்தை’ என்பதற்கு என்ன ஆதாரம் என்றும் கேளுங்கள். ஒரே அடைப்பில் இரண்டு மூன்று சேவல்கள் திரிந்தால் தந்தை யாரென்று பண்ணையாளருக்கே தெரியாது. ஒரே சேவல் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு: சேர்ந்த சேவலின் விந்து பெட்டையின் உடலுக்குள் இரண்டு முதல் மூன்று வாரம் வரை உயிரோடு இருந்து முட்டைகளைக் கருக்கூட்டும். எனவே பெட்டையைப் புதிய சேவலோடு சேர்ப்பதற்கு முன் குறைந்தது மூன்று வாரம் தனியாக வைத்திருந்தாரா என்று கேட்டால், அவர் எவ்வளவு கவனமானவர் என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

அக்கறையுள்ளவர்கள் குஞ்சு பொரித்த அன்றே கால் விரல்களுக்கிடையே உள்ள சவ்வில் சிறு துளையிட்டு அடையாளம் வைப்பார்கள். ஒவ்வொரு காலிலும் இரண்டு என நான்கு சவ்வுகள் இருப்பதால், துளை உள்ளது, இல்லாதது என்று மாற்றிமாற்றி 16 விதமான குறிகள் கிடைக்கும். 16 தாய்களின் குஞ்சுகளைக் குழப்பமின்றிப் பிரித்துவிடலாம். வளர்ந்த பின் மாட்டும் திறந்த வளையத்தை யாரும் எப்போதும் மாற்றலாம். விரலைத் தாண்டி நுழைய முடியாத மூடிய வளையத்தையோ குறித்த நாளில் இட்ட துளையையோ பின்னாளில் அப்படி மாற்ற முடியாது. துளையும் அதற்குரிய குறிப்பேடும் ஒன்றோடொன்று பொருந்தினால், ‘சுத்தமான விருத்தி’ என்ற சொல்லுக்கு அப்போதுதான் ஏதோ ஒரு பொருள் கிடைக்கிறது.

ஜோடியாக வாங்குவதில் இன்னொரு இழப்பும் உண்டு. அவை ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவை என்றால், அவற்றைச் சேர்த்துப் பெறும் குஞ்சுகளின் உள்ளினச் சேர்க்கை அளவு (பெற்றோரின் உறவால் ஒரே மரபுக்கூறு இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு) 25 விழுக்காடு. தந்தை மட்டும் பொதுவென்றால் 12.5 விழுக்காடு. வழியை நிலைநிறுத்த நெருங்கிய உறவில் சேர்ப்பது அனுபவசாலிகள் கையாளும் முறைதான். ஆனால் கழித்துத் தள்ளப் போதுமான குஞ்சுகளும் கறாரான கண்ணும் இல்லாத புதியவர், அண்ணன் தங்கையிலிருந்து தொடங்கக் கூடாது. நம் ஊரில் ஜோடியாகவே விற்பது வழக்கமாகிவிட்டது. வாங்குபவருக்கு அதில் நன்மை மிகக் குறைவு.

மூன்று மாதத்தில் அலகின் போக்கு ஓரளவு தெரியும்; வால் தெரியாது. தோகை முழு அளவுக்கு வர ஒரு வயதைத் தாண்ட வேண்டும். அந்த வயதுக் குஞ்சுக்குக் கேட்கப்படும் பெருந்தொகை, இன்னும் முளைக்காத இறகுக்கான விலை. நான் உங்கள் இடத்தில் இருந்தால், அந்தப் பணத்தில் பெரும்பகுதியை, ஏற்கெனவே நல்ல சேவல்களைப் பெற்றெடுத்த இரண்டு வளர்ந்த பெட்டைகளுக்குச் செலவிட்டு, நெருங்கிய உறவில்லாத ஓர் இளஞ்சேவலை அவற்றோடு சேர்ப்பேன். கோப்பை ஓர் ஆண்டு தள்ளிப்போகலாம். ஆனால் வழி உங்கள் கையில் இருக்கும்.

நேரில் போனால் பறவையைக் கையில் தூக்காமல் பேரம் பேசாதீர்கள். அலகை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள்: மேல் அலகு அடியிலிருந்தே வளைந்து வர வேண்டும், நுனியில் மட்டும் வளைவும் ஓரங்களில் அரத்தால் தேய்த்த தடமும் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். மேலும் கீழும் ஒன்றையொன்று விலகிக் கத்தரிபோல் நிற்கும் அலகு, கிளிமூக்கு அன்று, அது குறை. வால் இறகு ஒவ்வொன்றையும் அடிவரை விரலால் நீவினால், ஒட்டவைத்த இறகு அடியில் முடிச்சாகத் தட்டுப்படும். மூக்குத் துளையில் ஈரம், கண்ணோரத்தில் நுரை, காதருகே வைத்துக் கேட்டால் மூச்சில் கரகரப்பு ஆகியவை நாள்பட்ட சளி நோயின் அறிகுறிகள். அந்நோயை உண்டாக்கும் கிருமி முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்லக்கூடியது என்பதால், எவ்வளவு அழகான பறவையாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரு சேவலும் ஆறு பெட்டைகளும் உள்ளன. தந்தைக்குப் பின் மகன் என்று அதே கூட்டத்திலேயே சேவலை மாற்றி வந்தேன். இப்போது முட்டைகள் சரியாகப் பொரிப்பதில்லை, குஞ்சுகளும் தளர்ந்திருக்கின்றன. வெளியிலிருந்து சேவல் வாங்கினால் பல ஆண்டுகளாகக் காத்த வழி கெட்டுவிடாதா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: தீவனம், அடைக்காப்பு, நோய் ஆகியவற்றில் குறையில்லை என்று கால்நடை மருத்துவரிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அவை சரியென்றால், நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நெருங்கிய உறவில் தொடர்ந்து சேர்த்ததன் விளைவாகவே தெரிகின்றன.

கணக்கு எளியது. சேவல்களின் எண்ணிக்கையையும் பெட்டைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கி, மொத்தத் தலைக்கணக்கால் வகுத்தால், மரபு நோக்கில் உங்கள் கூட்டம் உண்மையில் எவ்வளவு பெரியது என்பது கிடைக்கும். ஒரு சேவலும் ஆறு பெட்டையும் என்றால் 24 வகுத்தல் 7, அதாவது சுமார் 3.4. அதன் இரு மடங்கின் தலைகீழ்தான் ஒரு தலைமுறைக்கு உள்ளினச் சேர்க்கை ஏறும் அளவு. உங்களுக்கு அது ஏறக்குறைய 14.6 விழுக்காடு. அதே ஆறு பெட்டைகளோடு மூன்று சேவல்களை வைத்திருந்தால் கூட்டத்தின் மதிப்பு 8 ஆகும், ஏற்றம் 6.25 விழுக்காடாகக் குறையும். பெட்டைகளைக் கூட்டுவதைவிடச் சேவலைக் கூட்டுவது எவ்வளவு பயன் தருகிறது பாருங்கள்: ஒரே சேவலுக்கு அறுபது பெட்டைகள் வைத்தாலும் அந்த மதிப்பு 4-ஐத் தொடாது. எல்லாரும் வென்ற ஒரே சேவலின் குஞ்சையே தேடி ஓடுவதால் ஒரு வட்டாரத்தின் வழிகளே சுருங்கிப்போவதை இந்தக் கணக்கு விளக்கும். எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு.

எனவே இனிமேல் கூட்டத்தை மூன்று அடைப்புகளாகப் பிரியுங்கள். பெட்டைக்குஞ்சுகள் தாயின் அடைப்பிலேயே தங்கட்டும். தேர்ந்தெடுத்த சேவற்குஞ்சு ஒவ்வொரு தலைமுறையிலும் அடுத்த அடைப்புக்குப் போகட்டும்: முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு, இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு, மூன்றாவதிலிருந்து முதலாவதற்கு. திசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். இவ்வாறு செய்தால் வெளி இரத்தம் வாங்காமலேயே பல தலைமுறைகள் ஓட்டலாம்.

உங்கள் கூட்டம் ஏற்கெனவே தளர்ந்துவிட்டதால், ஒரு முறை மட்டும் வெளியிலிருந்து வாங்கத்தான் வேண்டும். அதை முழுக் கூட்டத்திலும் விடாமல், இரண்டு பெட்டைகளோடு தனி அடைப்பில் விடுங்கள். பிறக்கும் குஞ்சுகளில் உங்கள் வழி 50 விழுக்காடு; அவற்றை மீண்டும் உங்கள் கோழிகளோடு சேர்த்தால் 75, அடுத்து 87.5, அதற்கடுத்து 93.75. ஒவ்வொரு படியிலும் அலகையும் வாலையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வந்தால் வழி கெடாது. குறை ஏதேனும் வெளிப்பட்டால் அந்த அடைப்போடு நிற்கும். சேவலை விலைக்கு வாங்குவதற்குப் பதில், நம்பிக்கையான இன்னொரு வளர்ப்பாளரோடு ஒரு பருவத்துக்கு மாற்றிக்கொள்வது இரு கூட்டங்களுக்கும் நல்லது. புதிதாக வருவதை முப்பது நாள் தனியே வைத்திருந்து, வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி போட்ட விவரத்தைக் கேட்டறிந்த பிறகே கூட்டத்தின் அருகில் கொண்டுவாருங்கள். கண்காட்சிக்குப் போய்வரும் சொந்தச் சேவலுக்கும் சில வாரத் தனிமை தேவை.

கேள்வி: இணைய விளம்பரம் பார்த்து, அடைவைக்க 12 முட்டைகள் வரவழைத்தேன். ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. விற்றவர் பேச மறுக்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: போகலாம், ஆனால் பொரிக்கவில்லை என்பது மட்டும் போதாது. முட்டைகளை எறிந்துவிட்டீர்களா? இல்லையென்றால் ஒவ்வொன்றாக விளக்கொளியில் பாருங்கள். மழுங்கிய முனையில் உள்ள காற்றறை, முட்டையைத் திருப்பும்போது குமிழிபோல் இடம் மாறினால், வழியில் குலுங்கியிருக்கிறது. உள்ளே இரத்த வளையம் தெரிந்தால், கரு கூடிப் பின் இறந்தது; காரணம் பயணமாகவோ உங்கள் அடைக்காப்பாகவோ இருக்கலாம். எல்லாமே தெளிவாக, எந்த வளர்ச்சியும் இல்லாமல் இருந்தால் கருக்கூடாத முட்டைகளை விற்றிருக்கலாம் என்ற ஐயம் வலுப்பெறும். பார்ப்பதைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

விளம்பரத்தில் ‘கருக்கூடிய முட்டை’ என்றோ ‘பொரிக்கும் உத்தரவாதம்’ என்றோ எழுதியிருந்தால் அதன் படமும், பணம் அனுப்பிய விவரமும், பேச்சுப் பதிவுகளும் உங்கள் பக்கம் நிற்கும். முதலில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வணிக நோக்கில் வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பதால், பொழுதுபோக்காக வளர்க்க வாங்கியதையோ, பிழைப்புக்காகச் சொந்த உழைப்பில் நடத்தும் சிறு தொழிலுக்கு வாங்கியதையோ மனுவில் தெளிவாக எழுதுங்கள். விற்றவர் தொடர்ந்து முட்டை விற்பவர் என்பதற்கு அவருடைய பழைய விளம்பரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; எப்போதோ ஒரு முறை நண்பருக்குக் கொடுத்தவர்மீது வழக்கு நிற்பது கடினம்.

அடுத்த முறை வாங்கும்போது, இட்டு ஏழு நாளுக்குள் உள்ள முட்டைகளை மட்டும் கேளுங்கள். வந்ததும் கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகு அடைவையுங்கள்.

கேள்வி: கண்காட்சிச் சேவல் விற்கும் ஒருவர், ‘இது களத்திலும் நிற்கும்’ என்று கூடுதல் விலை சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: கூடாது. விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கண்காட்சிக்கென வளர்ப்போர் அலகுக்கும் வாலுக்கும் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சண்டைக்கு அந்த வால் இடைஞ்சல். இரண்டுக்கும் ஆகும் என்று சொல்பவரிடம், எந்தக் குணத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கே வாங்க வேண்டாம்.