குண்டுமணித் தங்கத்துக்கு எந்தக் காயில்?

கேள்வி: மெல்பர்னில் இருக்கிறோம். வாரக்கடைசியில் தங்கம் தேடப் போகிறேன் என்று என் கணவர் பழைய ஜி.பி.எக்ஸ் 5000 மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கிவிட்டார். இப்போது கூட வந்த 11 அங்குலக் காயில் (தரைமேல் வீசும் தட்டு) போதாதாம், 18 அங்குலத்தில் மோனோ என்ற ரகக் காயில் வேண்டுமாம், பெரிய கட்டியெல்லாம் ஆழத்தில்தான் கிடக்கிறதாம். அந்தக் காசுக்கு நகைக்கடையிலேயே தங்கம் வாங்கிவிடலாம் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
வாசகி, டாண்டினாங்

பதில்: நகைக்கடை விஷயத்தில் சந்தேகமே வேண்டாம், நீங்கள் சொல்வதுதான். காயில் விஷயத்திலும் என் ஓட்டு கிட்டத்தட்ட உங்களுக்கே.

காயில் பெரிதானால் ஆழம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் அளவு இரண்டு மடங்கானால் ஆழமும் இரண்டு மடங்காகும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். காயிலிலிருந்து போகும் காந்தப்புலம் தூரம் போகப் போகச் சரசரவென்று தேயும். அது தங்கத்தில் ஒரு சின்ன மின்சுழலை உண்டாக்கி, அந்தச் சுழலின் எதிரொலி திரும்பி மேலே வரும்போது மறுபடியும் அதேபோல் தேயும். காயிலின் அகலத்தைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இரண்டு மடங்கானால் சிக்னல் ஏறத்தாழ 64-ல் ஒரு பங்காகிவிடும். இது பெரிய கட்டிக்கும் பொருந்தும். குண்டுமணி எடைத் தங்கத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அதில் எழும் மின்சுழல் கண் இமைக்கும் நேரத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காது. 18 அங்குலக் காயிலின் புலம் ஒரு முறம் அகலத்துக்கு விரிந்து கிடக்க, அதன் ஓரத்தில் இந்தப் பொடி எங்கேயோ முனகும், அதற்குள் மண்ணின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். அகலக் கண் வலையில் நெத்திலி நிற்குமா?

அவர் சொல்லும் பெரிய கட்டிகள் கதை பொய்யல்ல. 1869-ல் விக்டோரியாவின் மோலியகலில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் எடுத்த வெல்கம் ஸ்டிரேஞ்சர் என்ற கட்டியில் 70 கிலோவுக்கு மேல் தங்கம் இருந்தது, ஆனால் அது கிடந்தது ஒரு அங்குல ஆழத்தில்! 1980-ல் கிங்கோவரில் டிடெக்டரில் சிக்கிய ஹேண்ட் ஆஃப் ஃபெய்த் கட்டி, 27 கிலோ, சுமார் ஓர் அடி ஆழம். அந்த இரண்டுக்கும் 18 அங்குலக் காயில் தேவையே இல்லை. அதற்கப்புறம் டனோலி, வெட்டர்பர்ன், டார்னகுல்லா பக்கமெல்லாம் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஆட்கள் டிடெக்டரோடு நடந்து நடந்து, சுலபமாகக் கத்தக்கூடியதை எல்லாம் எடுத்தாகிவிட்டது. மிச்சம் இருப்பதில் புதிதாகப் போகிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் அரை கிராம், கால் கிராம்தான். அதாவது சவரனில் பதினாறில் ஒரு பங்கு, முப்பத்திரண்டில் ஒரு பங்கு. அதைக் கேட்கும் காயில்தான் அவருக்கு வேண்டும்.

என் சிபாரிசு: 12-க்கு 7 அல்லது 14-க்கு 9 அங்குல அளவில் ஒரு நீள்வட்ட மோனோ. நுகெட் ஃபைண்டர், காயில்டெக் இரண்டுமே ஆஸ்திரேலியத் தயாரிப்பு, இந்த அளவுகளில் கிடைக்கும். புதர் நடுவிலும் மரவேர் இடுக்கிலும் நுழையும், நாள் முழுக்க வீசினாலும் தோள்பட்டை வலிக்காது. நானும் ஒரு காலத்தில் 18 அங்குலம் வாங்கியவன். முழங்கால் ஆழத்துக்கு வெட்டி நான் எடுத்த பொக்கிஷம் ஒரு குதிரை லாடம், அதற்கடுத்த வாரம் ஒரு கெண்டி மூடி.

கூட வந்தது மோனோவா, டபுள் டி-யா என்று பாருங்கள். மோனோவில் ஒரே சுற்றுதான் அனுப்பும், அதுவே வாங்கும். புலம் புனல் மாதிரி கீழே போகப் போகக் குறுகும், அதனால் ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மிதித்துக்கொண்டு போக வேண்டும். டபுள் டி-யில் இரண்டு சுற்று, புலம் முன்னிருந்து பின்னாகக் கத்தி போல் நிற்கும். இரும்பு மிகுந்த செம்மண்ணில் சத்தம் குறைவு, பதிலுக்கு ஆழமும் கூர்மையும் கொஞ்சம் போகும். மண் கத்துகிறதே என்று காயிலை மாற்றும் முன் மெஷினில் டைமிங்கை (மண்ணுக்கேற்ப மாற்றும் அமைப்பு) மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் என்ஹான்ஸ், ஃபைன் கோல்ட் இரண்டும் மோனோவை மோசமான மண்ணிலும் ஓடவைக்க உதவும். இன்னொன்று, ஜி.பி.எக்ஸ் 6000, ஜி.பி.இசட் 7000 என்ற வேறு மாடல்களுக்கு உள்ள காயில் மலிவாக வருகிறதே என்று வாங்கிவிட வேண்டாம், உங்கள் மெஷினில் அது வேலை செய்யாது.

வாங்கும் முன் ஒரு சோதனை. வேட்டைத் துப்பாக்கியின் ஈயக் குண்டு ஒன்றை ஐஸ் குச்சியில் ஒட்டி, மண்ணில் இரண்டு விரல் ஆழம் புதைத்து, காயிலைத் தரையை உரசினாற்போல் மெதுவாக வீசச் சொல்லுங்கள். சின்ன ஈயம், சின்னத் தங்கம் மாதிரியேதான் பேசும். உங்கள் மோதிரத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். தொலைந்துபோகும் என்பதற்காகச் சொல்லவில்லை (அதுவும் உண்டு), வளையம் என்பதால் மின்சுழல் அதில் சுகமாகச் சுற்றி, அதே எடைத் தங்கக் கட்டியைவிடப் பல மடங்கு கத்தும், எந்தக் காயிலும் அற்புதமான காயிலாகத் தெரியும்.

மைனர்ஸ் ரைட் என்ற தேடல் உரிமம் எடுத்துவிட்டாரா? விக்டோரியாவில் அது இல்லாமல் தேடக் கூடாது, எடுத்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும்.

கேள்வி: என் மோனோ காயில் புல் தட்டினாலே கத்துகிறது. எங்கே தொட்டாலும் சிக்னல். காயில் போய்விட்டதா?
வாசகர், பெண்டிகோ

பதில்: முதலில் அடிமூடியைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி செம்மண் இருக்கும், இரும்புத் தூள் அதில் நிறைய. கழுவிக் காயவைத்துப் போட்டாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. அடுத்து கேபிள் தொளதொளவென்று ஆடினால் தண்டோடு இறுக்கிச் சுற்றுங்கள், கேபிள் மெஷினில் சேரும் முனைத் திருகையும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். இவ்வளவுக்கும் அடங்காமல், காயிலின் ஒரே இடத்தில் விரலால் தட்டும்போது மட்டும் கத்தினால் உள்ளே சுற்று அசைந்திருக்கிறது, அதற்கு வைத்தியம் இல்லை. ஒரு முறை நான் பழைய காயில் வாங்கியபோது விற்றவர் விரிசலில் பசை போட்டு மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார், பளபளவென்று இருந்தது. ரெண்டு நாள் தாங்கியது.

கேள்வி: கோலார் தங்கவயல் கழிவு மேட்டில் டிடெக்டர் வைத்துத் தேடலாமா? இரண்டு ஆன்டெனா வைத்த மெஷின் ஒன்று 500 அடி தூரத்துத் தங்கத்தைக் காட்டும் என்று வீடியோ பார்த்தேன்.
வாசகர், வேலூர்

பதில்: அங்கே கழிவில் இருக்கும் தங்கம் பாறையை மாவாக அரைத்துச் சயனைடில் ஊறவைத்தும் தப்பிய தூள். தூளை எந்தக் காயிலும் கேட்காது, கட்டியாக இருந்தால்தான் மின்சுழல் ஓடும். சுரங்கம் 2001-ல் மூடப்பட்டாலும் அந்த மேடு யாரும் போய்த் தோண்டும் இடமல்ல. ஆன்டெனா மெஷினில் காயிலே கிடையாது, கைப்பிடியில் சுழலும் இரண்டு கம்பி மட்டும்தான், உங்கள் மணிக்கட்டு சாயும் பக்கம் அது திரும்பும். முன்பணம் கட்டியிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.